ஏற்காடு மலைப்பாதை முதல் தொப்பூர் கணவாய் வரை: வேகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறேன். அதற்கு முன் பதினொரு வருடம் ஏற்காட்டுக்கு வாடகை வண்டி ஓட்டினேன். எல்.எல்.ஆர் போட வருகிற பிள்ளைகளும், அவர்களைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோரும், வருடக்கணக்காக வண்டி ஓட்டிவிட்டு மலைக்கு மட்டும் பயப்படுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எல்லாமே வேகத்தைப் பற்றியவை.

போர்டில் போட்டிருப்பதைவிடப் பத்து, இருபது கிலோமீட்டர் கூடப் போனால் அப்படி என்ன ஆகிவிடும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். ஏனென்றால் 60க்கும் 80க்கும் உள்ள வித்தியாசம் ஸ்பீடோமீட்டரில் ஒரு விரல்கடை அளவுதான் தெரியும். ரோட்டில் அது வேறு மாதிரி இருக்கிறது.

ஒரு ஆள் குறுக்கே வருவதைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகும். அதுவரை வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பிரேக் மிதித்த பிறகுதான் வேகம் குறையத் தொடங்கும். நல்ல டயர், காய்ந்த தார் ரோடு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் முழுதாக நிற்க சுமார் 25 மீட்டர் வேண்டும். 60ல் 45 மீட்டர். 80ல் 68 மீட்டர். 100ல் கிட்டத்தட்ட 97 மீட்டர். 40ல் இருந்து 80க்குப் போனால் வேகம் இரண்டு மடங்கு. வண்டி நிற்கும் தூரமோ இரண்டரை மடங்குக்கும் மேல்.

அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு இருவழிச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். 45 மீட்டர் தள்ளி ஒரு பெரியவர் சைக்கிளோடு ரோட்டில் இறங்குகிறார். 60ல் வந்த கார் அவர் காலடியில் வந்து நின்றுவிடும். அவர் திட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான். 80ல் வந்த கார், அதே ஓட்டுநர் அதே நொடியில் பார்த்து அதே மாதிரி பிரேக் மிதித்தாலும், அவர் நிற்கும் இடத்தை சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும். கூடப் போனது 20 கிலோமீட்டர், மோதுவது 65ல். பயிற்சிக்கு வருகிறவர்களை இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். பாதிப் பேர் முதலில் நம்ப மாட்டார்கள்.

நடந்து போகிறவர் மீது கார் முன்பக்கமாக மோதும்போது, 50 கிலோமீட்டர் வேகத்தைவிட 65ல் உயிர் போகும் ஆபத்து நாலரை மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினாலே உயிரிழப்பு விபத்தின் ஆபத்து நான்கு சதவீதம் கூடும் என்பதும் அவர்கள் சொல்லும் கணக்குதான்.

வண்டிக்குள் இருப்பவர்களுக்கு? 60 கிலோமீட்டர் வேகத்தில் புளியமரத்தில் மோதுவது, 14 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். நான்கு மாடிக்கும் மேல். 100 என்றால் 39 மீட்டர். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் ஓரம் நிற்கவே நமக்குக் கால் கூசும். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கூச்சம் வருவதில்லை.

நான் பதினைந்து வருடமாக ஓட்டுகிறேன். ஒரு கீறல் கூட விழுந்ததில்லை. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். அனுபவசாலிக்கு ஆபத்து முன்கூட்டியே கண்ணில் படும், அது உண்மை. ஆனால் பிரேக் மிதித்த பிறகு வேலை செய்வது டயரும் தாரும்தான். உங்கள் பதினைந்து வருடம் டயருக்குத் தெரியாது. முந்தின நாள் மழையில் மண் வழிந்து கிடக்கும் வளைவில் எல்லோருக்கும் ஒரே பிடிதான்.

சரி, எந்த ரோட்டில் எவ்வளவு வேகம் போகலாம்?

மத்திய அரசு 2018 ஏப்ரலில் அறிவித்த உச்ச வரம்புகள் இவை. எட்டுப் பயணிகள் வரை ஏற்றும் காருக்கு, நடுவில் தடுப்பு உள்ள நான்குவழிச் சாலையில் 100. நகராட்சி எல்லைக்குள்ளும் மற்ற சாலைகளிலும் 70. மோட்டார் சைக்கிளுக்கு நான்குவழிச் சாலையில் 80, மற்ற இடங்களில் 60. சரக்கு வண்டிக்கு நான்குவழிச் சாலையில் 80, மற்றதில் 60. ஆட்டோவுக்கு எங்கே போனாலும் 50.

இது மேல்வரம்பு மட்டுமே. பள்ளி, மருத்துவமனை, வளைவு, சந்திப்பு, மலைப்பாதை என்று இடத்துக்குத் தகுந்தபடி இதைவிடக் குறைவாக போர்டு வைத்திருப்பார்கள். போர்டு இருந்தால் போர்டு சொல்வதுதான் சட்டம். “நகருக்குள் 70 வரை போகலாமாமே” என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். சாயங்காலம் ஆறு மணிக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்குள் 70ல் போக இடம் இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

மாட்டினால் என்ன தண்டனை?

2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 183வது பிரிவின்படி, கார் போன்ற இலகு ரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். பஸ், லாரிக்கு 2,000 முதல் 4,000 வரை. மறுபடி மாட்டினால் லைசென்ஸையே பிடித்து வைப்பார்கள். அதிவேகத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்று சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழுவும் 2015லேயே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஆள் இறந்துவிட்டால் விஷயமே வேறு: பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை.

கேமரா எங்கே இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு அங்கே மட்டும் குறைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விபத்து கேமரா இல்லாத இடத்திலும் நடக்கும்.

ஏற்காடு ஏறும்போது என்ன வேகம் சரி?

அடிவாரத்திலிருந்து மேலே ஏரி வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். இந்தப் பாதையில் கிலோமீட்டர் கணக்கைவிட, முன்னால் எத்தனை அடி தெரிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொன்ன ஒரே விதி: கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிகிற வேகம்தான் வேகம். ரோடு குறுகலாக இருந்தால் அந்தத் தூரத்திலும் பாதிதான் உங்களுடையது. மீதிப் பாதி எதிரே வருகிறவருடையது.

வளைவில் இன்னொன்றும் உண்டு. 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்போது வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை ஒரு பங்கு என்றால், 40ல் அது நான்கு பங்கு. தாரில் மழைநீரோ, சருகோ, லாரியிலிருந்து சிந்திய டீசலோ இருந்தால் டயர் அந்த நான்கு பங்கைத் தாங்காது. அதனால் வேகத்தை வளைவுக்குள் நுழையும் முன்பே குறைத்துவிடுங்கள். உள்ளே போன பிறகு பதறி பிரேக் அடிப்பதுதான் வண்டியைச் சறுக்கவிடும். கொண்டை ஊசியில் இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர். திரும்பும் முன் ஹாரன்.

இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போய்விடுகிறதே, ஏன்?

மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம். அடிவாரம் அதைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே. ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது, அந்தச் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். எல்லாவற்றையும் பிரேக்கிலேயே அடக்கினால் அத்தனையும் சூடாக மாறும். ஏறத்தாழ ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. நான்கு சக்கரத்தில் இருக்கும் சின்னச் சின்ன பிரேக் பேடும் ஷூவும் அவ்வளவையும் சமாளிக்க வேண்டும். சூடு ஏற ஏற உராய்வு குறையும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. வேகமாக இறங்குகிறவருக்குத்தான் இது முதலில் வரும். ஒவ்வொரு வளைவுக்கும் 50ல் வந்து 15க்குக் குறைக்கிறார், திரும்பவும் 50க்கு விடுகிறார். பிரேக் ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

எனக்கே நடந்தது. வண்டி ஓட்ட ஆரம்பித்து இரண்டாவது வருடம், கல்யாண வீட்டார் எட்டுப் பேரை வேனில் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் இறங்கினேன். கீழே முகூர்த்தக்கால் நட நேரமாகிவிட்டது என்று ஒரு பெரியவர் அவசரப்படுத்தினார். எனக்கும் வேகமாக இறங்கிக் காட்டும் ஆசை இருந்தது. பாதி மலையில் பிளாஸ்டிக் தீய்வது போல ஒரு வாடை. வெளியே எங்கோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வண்டியை விட்டேன். இன்னும் மூன்று வளைவு இருக்கும்போது பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டு, பிறகு சத்தத்தோடு ஒன்று, கையால் ஹேண்ட் பிரேக், அப்புறம் மலைப்பக்கச் சுவரில் பக்கவாட்டில் உரசித்தான் வண்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. எதிரே பஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் தோன்றும். அவசரப்படுத்திய பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தப்பு அவருடையது இல்லை. ஸ்டியரிங் என் கையில் இருந்தது.

ஆகவே, எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல், கொஞ்சம் பிடித்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். தீய்ந்த வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி அரைமணி நேரம் நில்லுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்; சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும்.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சமாகுமே?

ஆகாது. இப்போதைய வண்டிகளில் கியரில் வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜினுக்குப் போகும் எரிபொருள் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும். இன்ஜினின் பிடியையும் இழந்துவிடுவீர்கள்.

ஏறும் வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டுமா?

ஆமாம். குறுகலான சரிவில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. ஏற்றத்தில் நிறுத்தினால் லோடு வண்டி மறுபடி எடுப்பது கஷ்டம், பின்னால் உருண்டுவிடவும் கூடும். மெதுவாக இறங்குகிறவரால்தான் ஒதுங்கி நிற்க முடியும் என்பதையும் கவனியுங்கள்.

பனிமூட்டத்தில் எப்படி ஓட்டுவது?

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மழைக்காலத்திலும் மார்கழி, தையிலும் சில காலைகளில் முன்னால் இருபது மீட்டர்கூடத் தெரியாது. அந்த இருபது மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்றால், ஈர ரோட்டில் 20 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஹெட்லைட்டை டிம்மில் வையுங்கள். பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினால் எதிரே வரும் ஹாரன் காதில் விழும். காட்டுமாடு நடமாட்டமும் உண்டு. அது ஒதுங்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

என் மகன் ஞாயிறு காலையில் நண்பர்களோடு பைக்கில் ஏற்காடு போகிறான். என்ன சொல்லி அனுப்புவது?

இதைக் கேட்கும் அம்மாக்களின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். போகாதே என்று சொன்னால் கேட்கிற வயது இல்லை. எப்படிப் போவது என்று சொல்லி அனுப்பலாம்.

மலையில் பைக்குக்கு இரண்டு விதமான ஆபத்து. இடதுபக்க வளைவில் வேகம் கூடினால் பைக் வெளியே விரிந்து, எதிரே வருகிற பஸ்ஸின் பாதைக்குள் போய்விடும். வலதுபக்க வளைவில் குறுக்கே வெட்டிச் சாயும்போது, சக்கரம் நம் பக்கத்தில் இருந்தாலும் தலையும் தோளும் கோட்டைத் தாண்டிவிடும். கொண்டை ஊசியில் பெரிய பஸ் திரும்ப முழு ரோடும் வேண்டும். அது விதிமீறல் இல்லை, அந்த நீள வண்டி அப்படித்தான் திரும்பும். அதனால் பஸ் வளைவில் இருந்தால் பைக் கீழேயே நின்று காத்திருக்கட்டும்.

யார் முதலில் மேலே போவது என்ற போட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள். கூட்டத்தில் மெதுவாகப் போகிறவன் முன்னால் போகட்டும், மற்றவர்கள் அவன் வேகத்தில் வரட்டும். போன் வண்டியில் மாட்டி வீடியோ எடுப்பதாக இருந்தால் அந்தப் பயணமே வேண்டாம். ஹெல்மெட்டின் வாரைக் கட்டியிருக்கிறானா என்று வாசலில் நின்று பாருங்கள். வார் கட்டாத ஹெல்மெட் விழுந்தவுடன் தலையைவிட்டுக் கழன்று ஓடிவிடும்.

தொப்பூர் கணவாயில் ஏன் அடிக்கடி விபத்து?

தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது, மாவட்ட எல்லை ஒட்டி ரோடு நீண்ட சரிவாக இறங்கி வளைகிறது. வடக்கேயிருந்து முழு லோடோடு வரும் லாரிகள் சில அங்கே நியூட்ரலில் இறங்குகின்றன. மலைப்பாதையில் சொன்ன அதே பிரேக் சூடு இங்கே முப்பது டன் எடையோடு நடக்கிறது. இரட்டைப் பாலம் பகுதியில் முன்னால் மெதுவாகப் போகும் கார்கள் மீது அப்படி லாரிகள் ஏறிய செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம்.

காரில் போகிறவர் செய்யக்கூடியது இதுதான்: சரிவு தொடங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள், இரண்டு கனரக வண்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள், கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். முன்னால் ஏதோ அடைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தால் உடனே ஹசார்டு விளக்கை (நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) போடுங்கள்.

லாரி ஓட்டுநர்களைத் திட்டுவது எளிது. சங்ககிரிப் பக்கத்து ஓட்டுநர்கள் பலரை எனக்குத் தெரியும். தூக்கமில்லாமல், நேரத்துக்கு லோடு இறக்கச் சொல்லும் போன் அழைப்போடு ஓட்டுகிறார்கள். அந்த நேரத்தை நிர்ணயிக்கிறவர்களுக்கும் இந்த விபத்துகளில் பங்கு உண்டு.

வேகமாகப் போனால் நேரம் மிச்சமாகிறதே?

15 கிலோமீட்டர் தூரத்துக்கு 70ல் போனால் 13 நிமிடம். 90ல் போனால் 10 நிமிடம். மூன்று நிமிடம் கிடைக்கும், அதுவும் நடுவில் சிக்னல் இல்லாமல் இருந்தால். சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் ஒரு சிவப்பு விளக்கு அந்த மூன்று நிமிடத்தைத் தின்றுவிடும்.

மெதுவாகப் போகிறவர்களால்தான் விபத்து என்கிறார்களே?

நான்குவழிச் சாலையில் வலது ஓரத்தில் 40ல் உருட்டிக்கொண்டு போவது தப்புதான். பின்னால் வருகிறவர் இடதுபக்கம் புகுந்து முந்த வேண்டியிருக்கும். மெதுவாகப் போகிறவர் இடது பாதையில் போகட்டும். ஆனால் எது அதிகம் உயிர் எடுக்கிறது என்று பார்த்தால் சந்தேகமே இல்லை. 2022ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 71 சதவீத மரணத்துக்கு அதிவேகம்தான் காரணமாகப் பதிவாகியிருக்கிறது. அதே வருடம் எண்ணிக்கையில் அதிக விபத்து நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

ஏ.பி.எஸ், ஏர்பேக் எல்லாம் இருக்கிற வண்டியாச்சே?

ஏ.பி.எஸ் என்பது பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. அது இருந்தால் பிரேக் பிடித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப முடியும். நிற்கும் தூரத்தை அது பாதியாக்கிவிடாது. ஏர்பேக் சீட் பெல்ட் போட்டிருப்பவருக்காக வடிவமைக்கப்பட்டது. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் 80ஐத் தாண்டினால் விட்டு விட்டும், 120ஐத் தாண்டினால் நிற்காமலும் ஒரு ஒலி வரும். அந்த ஒயரைப் பிடுங்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேட்காதீர்கள்.

பையனுக்குப் பதினாறு வயது. தெருவுக்குள் மட்டும் ஓட்டக் கொடுக்கலாமா?

கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

வழியில் விபத்தைப் பார்த்தால் நின்றால் நமக்குப் பிரச்சினை வருமா?

வராது. தயவுசெய்து நில்லுங்கள். உதவி செய்கிறவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. 108க்கு அழையுங்கள். பின்னால் வருகிற வண்டிகளுக்குத் தெரிகிற மாதிரி கொஞ்சம் முன்பாகவே ஒருவரை நிறுத்தி எச்சரிக்கச் சொல்லுங்கள். வளைவில் இது மிக முக்கியம். ஹெல்மெட்டை இழுத்துப் பிடுங்காதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள். காசு இருக்கிறதா என்று யோசித்துத் தயங்கவும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசம். வெளிமாநிலத்தவருக்கும் உண்டு.

நான் ஓட்டுவதில்லை, பின்னால் உட்கார்ந்து போகிறவள். ஓட்டுகிறவர் வேகமாகப் போனால் என்ன செய்வது? சொன்னால் கோபப்படுகிறார்.

சொல்லுங்கள். கோபம் மேலே போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். “உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை” என்று சொன்னால் யாருக்கும் ரோஷம் வரும். “எனக்குப் பயமாக இருக்கிறதுங்க, கொஞ்சம் மெதுவாகப் போங்க” என்று சொல்லிப் பாருங்கள். குழந்தை இருந்தால் வளைவுகளில் அதற்கு வாந்தி வரும் என்பதும் உண்மைதான், அதையும் சொல்லலாம். வாடகை வண்டி என்றால் ஏறும் முன்பே, அடிவாரத்தில் வைத்தே, “எங்களுக்கு அவசரமே இல்லை தம்பி” என்று சொல்லிவிடுங்கள். நான் வாடகைக்கு ஓட்டிய காலத்தில் அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு. சொன்ன நாட்களில் என் கால் தானாகவே ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கியிருக்கிறது. அப்படியும் கேட்கவில்லை என்றால் அடுத்த டீக்கடையில் நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுங்கள். பின்னாலேயே ஏற்காடு பஸ் வரும்.